படகுக் குளியல்

துடைத்துக்கொள்வதும் குளியல்தானா என்று எங்கள் வீட்டில் ஒரு கார்த்திகை மாதம் முழுக்கச் சண்டை நடந்தது. இன்றைக்குச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் காது மடல் சூடாகிறது.

நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. கீழே நாங்கள். மாடியில் ஒரே ஒரு அறை, அதை மலையைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அப்பாவுக்குக் கிரிவலப் பாதையில் தேங்காய், கற்பூரக் கடை. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. அத்தை கல்யாணமான புதிதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். நல்ல நாள் பெரிய நாளில் முன்னால் வந்து நிற்கவும் மாட்டாள், விளக்கு ஏற்றவும் மாட்டாள். பின்னால் நின்றபடியே வீட்டை நடத்துவாள். எது சுத்தம், எது தீட்டு என்று சொல்கிற அதிகாரம் அவளிடம் இருந்தது. அதை யார் அவளுக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில் அம்மாவுக்கு ஆபரேஷன். வயிற்றில் கட்டி என்றுதான் என்னிடம் சொன்னார்கள். கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள் என்பது நான் பெரியவளான பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அம்மா மலையைப் பார்த்துக் கும்பிட்டு, "தீபத்துக்குள்ள என்னை வீட்டுக்கு அனுப்பிடு அண்ணாமலையாரே" என்று வேண்டிக்கொண்டாள். உயிரைக்கூடக் கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு வாழவந்த நாளிலிருந்து, மலையில் மகாதீபம் தெரிந்ததும் எங்கள் வாசல் விளக்கை ஏற்றுவது அவள்தான். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று இருந்தாள்.

அண்ணாமலையார் அனுப்பிவிட்டார். உள்ளே விடாதது அத்தைதான்.

தையல் பிரித்த இடத்தில் ஓரமாகக் கொஞ்சம் சீழ் கோத்திருந்தது. ஆறுகிறவரை அங்கே ஈரமே படக்கூடாது, தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கூடாது, குடம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அத்தை அதை மறுக்கவில்லை. தன் சட்டத்தை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"ஆஸ்பத்திரில படுத்துட்டு வந்த உடம்பு. சாவும் பொறப்பும் நடக்கற எடம். தலைக்கு ஊத்திக்காம சாமி ரூமுக்கும் அடுப்பங்கரைக்கும் எப்பிடி வர்றது? ஆறட்டும். ஆறினப்புறம் ஊத்திக்கினு வரட்டும். யாரு வேணான்னா?"

"தீபம் வந்துடுமே அண்ணி" என்றாள் அம்மா.

"தீபம் வருஷா வருஷம் வருது."

அம்மாவின் பாயைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் போட்டார்கள். சாப்பாடு, வெந்நீர், மாத்திரை எல்லாவற்றையும் அத்தை நேரம் தவறாமல் கொண்டுபோய் வைத்தாள். ஒரு வேளையும் குறை வைக்கவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. சோறு போடாத கொடுமைக்காரியாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். சுடச்சுட மிளகு ரசத்தை வைத்துவிட்டு, தன் புடவை அம்மா மேல் பட்டுவிடாமல் கொசுவத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நகர்கிறவளை என்னவென்று சொல்வது?

மழைக்காலம் வேறு. சிமெண்டுத் தரை ஊறிப்போய்ப் பாயெல்லாம் ஓதம். கொடியில் காயாத துணிகள் அம்மாவின் தலைக்கு மேலேயே தொங்கின. அவள் உடம்பு பிசுபிசுத்தது. தலைமுடி சிக்குப் பிடித்து வாடை எடுத்தது. என்னைக் கிட்டே வரவேண்டாம் என்று அம்மாவே சொல்ல ஆரம்பித்தாள். தீட்டுக்காக இல்லை, வெட்கத்துக்காக.

மாடி அறையில் அப்போது ஒரு வெள்ளைக்காரம்மா குடியிருந்தார். வெயில் தின்ற முகம், ஆண்பிள்ளை போல வெட்டிய நரைமுடி. எந்த தேசம் என்று சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. அவரும் அவர் புருஷனும் பல வருஷம் ஒரு சின்னப் படகிலேயே குடித்தனம் செய்தார்களாம். புருஷன் போனபிறகு படகை விற்றுவிட்டு இங்கே வந்து மலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். துவைத்த துணியைக் காயப்போடப் பின்பக்கம் இறங்கி வந்தவர் அம்மாவைப் பார்த்தார். கிட்டே வந்து குந்தி உட்கார்ந்தார்.

"அக்கா, குளிக்கல?"

அம்மாவைவிட அவர் எவ்வளவோ பெரியவர். ஆனால் இந்த ஊரில் கற்றுக்கொண்ட தமிழில் எல்லாப் பெண்களும் அவருக்கு அக்காதான். அம்மா வயிற்றுக் கட்டைக் காட்டி, தண்ணீர் கூடாது என்று கையை ஆட்டினாள்.

"தண்ணி ஜாஸ்தி வேணாம். போட்ல நான் டெய்லி குளிப்பேன். இவ்ளோ தண்ணி" என்று ஒரு சொம்பு உயரத்தைக் காட்டினார்.

எனக்குத் தெரிந்த படகு ஒன்றுதான். தீபம் முடிந்ததும் அய்யங்குளத்தில் சாமி சுற்றி வருகிற தெப்பம். அதில் சோறு பொங்கி, தூங்கி, குளித்து ஒரு பொம்பளை வாழ்ந்தாள் என்றால் எப்படி நம்புவது?

"சுத்தியும் தண்ணிதானே? அதுலயே குளிக்கறதுதானே?" என்றேன்.

"உப்பு" என்று முகத்தைச் சுளித்தார். "அரிக்கும். நல்ல தண்ணி கொஞ்சம்தான் இருக்கும். குடிக்க, சமைக்க, குளிக்க, எல்லாம் அதுதான். தண்ணி காலி, நீ காலி."

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு முதல்தடவையாகச் சிரித்தாள்.

மறுநாள் காலையிலேயே வேலை ஆரம்பித்தது. அப்பாவின் கடையிலிருந்து கொண்டுவந்து மூலையில் போட்டிருந்த சோடாப் பெட்டிகளை வெள்ளைக்காரம்மா கவிழ்த்து அடுக்கி, அதன்மேல் பலகையைப் போட்டு, பலகைமேல் பாயை விரித்தார். படகில் படுக்கைக்கு அடியிலும் காற்று போக வழி விடுவார்களாம். இல்லாவிட்டால் பூசணம் பூத்துவிடுமாம். படுக்கிற இடத்தில் ஈரத்துணி இருக்கவே கூடாது என்று கொடியை அவிழ்த்துக் கோடியில் கொண்டுபோய்க் கட்டினார். சாரல் அடிக்கிற பக்கம் ஒரு பழைய புடவையைச் சாய்வாக இழுத்துக் கட்டினார். மழை வெளிப்பக்கமே வழிந்தது, காற்று மட்டும் உள்ளே வந்தது. ஒரு காலைப்பொழுதில் அந்தத் தாழ்வாரம் மனுஷர் இருக்கிற இடமாகிவிட்டது. இதைச் செய்ய நாலு பெட்டியும் ஒரு பலகையும்தான் வேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலேயே கிடந்தவைதான் அவை. எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு குளியல். ஒரு பிளாஸ்டிக் கேனுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, தண்ணீர் பிடித்து மொட்டை மாடியில் வைத்தார். வெயில் எட்டிப்பார்த்தால் போதும், மத்தியானத்துக்குள் வெதுவெதுப்பாகிவிடும். வெயில் இல்லாத நாளில் கொஞ்சம் வெந்நீர் கலந்துகொள்வார். டவுனில் உரக்கடைக்குப் போய்ச் செடிக்கு அடிக்கிற சின்னக் கை ஸ்ப்ரேயர் ஒன்றைப் புதுசாக வாங்கிவந்தார். காற்றடித்துவிட்டு விசையை அழுத்தினால் பூப்பூவாகத் தண்ணீர் வரும். விரலை எடுத்தால் நின்றுவிடும்.

"நிக்காத. உக்காரு. போட் ஆடும், நீ விழும்" என்று காலை அகட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தாழ்வாரமே ஆடுகிற மாதிரி சாய்ந்து நடந்து காட்டுவார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். "போதுங்க, சிரிக்க வைக்காதீங்க, புண்ணு இழுக்குது."

முகத்தில் ஆரம்பித்துப் பாதத்தில் முடியவேண்டும். ஒவ்வொரு இடமாக நனைத்து, சோப்புத் துணியால் தேய்த்து, ஸ்ப்ரேயரால் அலசி, உலர்ந்த துண்டால் ஒற்றி மூடிய பிறகுதான் அடுத்த இடம். அதனால் குளிர் தெரியாது. வயிற்றுக் கட்டைச் சுற்றி மட்டும் ஒட்டப் பிழிந்த துணி. தலைக்கு வேறு வழி. பலகையின் விளிம்புக்கு வெளியே தலை தொங்கும்படி அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்துக்கு அடியில் துண்டைச் சுருட்டிக் கொடுத்து, கீழே ஒரு பேசினை வைத்தார். சீயக்காய் போட்டு ஒன்றிரண்டு சொம்பு தண்ணீரிலேயே அலசிவிட்டார். ஒரு சொட்டுகூடத் தோளுக்குக் கீழே இறங்கவில்லை.

இரண்டு தடவை பார்த்ததும் நானே செய்யக் கற்றுக்கொண்டேன். பிறகு அவர் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து, "பாதம் லாஸ்ட்" என்று மட்டும் சொல்வார். சாம்பிராணிப் புகையில் முடியை ஆற்றிவிட்டால் அம்மா கண்ணை மூடிக்கொண்டு "அண்ணாமலையாரே" என்பாள். என்னைத் திரும்பவும் மடியோடு சேர்த்து உட்காரவைத்துக்கொண்டாள்.

அந்தத் தைரியத்தில்தான் ஒரு நாள் அத்தையிடம் சொன்னாள். "அண்ணி, தலைக்குக் குளிச்சிட்டேன்."

அத்தை பேசினைப் பார்த்தாள். ஸ்ப்ரேயரைப் பார்த்தாள்.

"இது குளியலா? மல்லாட்டைச் செடிக்கு மருந்தடிக்கற மாதிரி அடிச்சி வச்சிருக்கீங்க."

"தலையும் அலசியாச்சு, உடம்பும் கழுவியாச்சு அத்தை" என்றேன் நான்.

"தல தனி, உடம்பு தனியா? தலைல ஊத்தற தண்ணி கால் வரைக்கும் ஒரே தண்ணியா எறங்கணும்டி. அதுக்குப் பேருதான் முழுக்கு. இது பாத்திரம் வெளக்கறது."

இப்படி ஒரு சட்டம் எந்தப் புராணத்தில் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவள், சோமவாரம் ஒரு பொழுது இருக்கிறவள். முடியாதவர்கள் திருநீறு பூசிக்கொண்டாலே முழுகின மாதிரிதான் என்று கோயிலில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நெருப்பாக நிற்கிற சாமிக்கு, ஒரு பொம்பளையின் தலைத் தண்ணீர் அவள் காலுக்கு வந்ததா என்று பார்ப்பதுதான் வேலையா? இந்தக் கேள்வியை அன்றைக்குக் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை.

அத்தை நிறுத்தவில்லை. "கடல்ல கெடந்த பொம்பள வந்து நமக்கு முழுக்கு சொல்லிக் குடுக்கறா. அக்காவாம் அக்கா!"

மாடிப்படியில் நின்றிருந்த வெள்ளைக்காரம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. "அத்தை கோவமா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். "அத்தைக்கும் குளிக்கணுமா?" என்றார். அந்த ஆத்திரத்திலும் எனக்குக் களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. அத்தை விளக்குமாற்றை எடுத்துத் தாழ்வாரத்து வாசலைப் பெருக்க ஆரம்பித்தாள். பெருக்க அங்கே ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அப்பாவின் கடைக்குப் போனேன்.

"அப்பா, நீ அத்தைகிட்ட சொல்லு."

"என்னத்த சொல்றது கண்ணு?"

"அம்மா குளிச்சாச்சு, வெளக்கு ஏத்தலாம்னு சொல்லு."

அப்பா வாயைத் திறப்பதற்குள் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து மலை சுற்ற வழி கேட்டார். அப்பா கடையை விட்டே இறங்கிப்போய், எந்த லிங்கத்துக்கு அப்புறம் எந்த லிங்கம், எங்கே உட்காரலாம், எங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று கையைக் காட்டிக் காட்டி விலாவாரியாகச் சொன்னார். திரும்பி வந்து என்னைப் பார்த்ததும் குரல் இறங்கிப்போய்விட்டது.

"அக்காகிட்ட நான் எப்பிடிம்மா சொல்வேன்? அது வாழ்க்கையத் தொலச்சிட்டு நம்ம வீட்ல வந்து கெடக்குது. எதுத்துப் பேசினா நொந்துடும்."

"அம்மாக்கு நோவாதா?"

அப்பா ஒரு கடலை மிட்டாயை எடுத்து என் கையில் திணித்தார். நான் அதைப் பாட்டிலிலேயே திருப்பிப் போட்டுவிட்டு நடந்தேன். ஊருக்கெல்லாம் வழி சொல்கிற மனுஷன், பெண்டாட்டிக்குத் தன் வீட்டுக்குள்ளே வழி விடச் சொல்லமாட்டார்.

தீபத்தன்று விடியும்போதே சந்து ஜனத்தால் அடைத்துக்கொண்டது. அப்பா முதல் நாளிலிருந்தே கடையில். அத்தை பச்சைத்தண்ணிகூடக் குடிக்காமல் விரதம். அந்தக் கூட்டத்தில் முண்டியடித்துத் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துவந்து, குடங்களைப் பின்பக்கம் வரிசையாக வைத்திருந்தாள். மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். பலகையை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றிருந்தாள். தோளில் மாற்றுப்புடவை.

"பாப்பா, அந்தக் குடத்துல ஒண்ண எடுத்துக்கினு வா. ஊத்திக்கறேன்."

"டாக்டரம்மா கூடாதுன்னாங்களேம்மா."

"ஒரு கொடந்தான். ஒண்ணும் ஆவாது."

"வேணாம்மா."

"எடுத்துக்கினு வாடி!"

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அத்தை மேல் இருந்த கோபம், அப்பா மேல் இருந்த கோபம் எல்லாம் போதாதென்று இப்போது அம்மா மேலும் வந்தது. இத்தனை நாள் பார்த்துப் பார்த்துக் குளிப்பாட்டிவிட்டதெல்லாம் குளியல் இல்லை என்று அவளும் அல்லவா சொல்கிறாள்? எனக்குக் கண் மண் தெரியவில்லை. வரிசையாக இருந்த குடங்களை ஒவ்வொன்றாகக் காலால் உதைத்துத் தள்ளினேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

சத்தம் கேட்டு அத்தை ஓடிவந்தாள். காலையிலிருந்து கால்கடுக்க நின்று கொண்டுவந்த தண்ணீர் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"பேய் புடிச்சிருக்கா உனக்கு?"

"அம்மா தலைக்கு ஊத்திக்கப் போறா. புண்ணு பிச்சிக்கும். செத்துப்போனா நீதான் காரணம்!"

அத்தை அம்மாவைப் பார்த்தாள். தோளில் கிடந்த புடவையைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது.

"நான் ஆறட்டும்னுதானே சொன்னேன்? இன்னிக்கே ஊத்திக்கச் சொன்னேனா?"

அம்மா சுவரைப் பிடித்தபடியே அழுதாள்.

"வெளக்கு ஏத்தலன்னா என்னா? ஒரு வருஷம் ஏத்தாம இருந்தா மனுஷி செத்தா போயிடுவா?" என்றாள் அத்தை.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் அத்தை எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, வாசலில் கொண்டுவந்து உட்கார வைத்தாள். "நீ ஏத்து" என்றாள். கோலம், அகல், திரி, எண்ணெய் எல்லாம் அவள் கையால் தயாராக இருந்தன. தீக்குச்சி கிழிப்பது ஒன்றுதான் பாக்கி. சந்து முழுக்க ஜனம் மலையையே பார்த்துக்கொண்டு நின்றது. மாடியில் வெள்ளைக்காரம்மா கைகூப்பி நின்றார். உச்சியில் தீபம் தெரிந்ததும் ஊரே ஒரே குரலில் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று எழுந்தது. அத்தை கதவுக்குப் பின்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏத்துடி."

நான் ஒரு அகலையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். வீட்டுக்குள் திரும்பி, சாமி அறையைத் தாண்டி, அடுப்பங்கரையைத் தாண்டி நடந்தேன்.

"ஏய், எங்கடி போற? சாமி வெளக்குடி அது!"

அத்தை என் பின்னாலேயே ஓடிவந்தாள். நான் நிற்கவில்லை. அம்மா பலகையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்து மலை தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். அகலை அவள் முன்னால் வைத்துத் தீப்பெட்டியை நீட்டினேன். அம்மா அதை வாங்காமல், என்னைத் தாண்டி அத்தையைப் பார்த்தாள்.

அத்தை நிலைக்கதவில் நின்றிருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் நானும் சொல்ல வேண்டியதையெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தேன். அத்தை அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அம்மா குச்சியைக் கிழித்தாள். காற்றில் அணைந்துபோனது. இன்னொன்று கிழித்து ஏற்றினாள்.

எரிகிற அகலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்குத் திரும்பினேன். பின்கதவிலிருந்து முன்கதவு வரை காற்று நேராக வீசுகிற வீடு அது. "காத்தடிக்குது, பாத்து" என்று அத்தை பக்கவாட்டில் என்னோடேயே நடந்தாள். சுடரைச் சுற்றி உள்ளங்கை இரண்டையும் குவித்துக்கொண்டு, அடுப்பங்கரை, சாமி அறை என்று வீடு முழுக்க வந்தாள். உள்ளங்கை சுட்டிருக்கும். அகல் சாய்ந்து எண்ணெய் என் விரலில் வழிந்தபோது, பிடிக்க வந்த அவள் கை பாதியிலேயே நின்று பின்னால் போய்விட்டது. "நேரா புடி, நேரா புடி" என்று வாயால்தான் சொன்னாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. தோற்றுப்போன பிறகும் குற்றம் கண்டுபிடிக்கக் கூடவே வருகிறாளே என்று நினைத்தேன். எண்ணெய் சுடுகிறது, ஒரு பக்கம் பிடித்துத் தொலைத்தால்தான் என்ன என்று நினைத்தேன். அகலை வாசலில் வைத்துவிட்டு, ஜெயித்தவள் மாதிரி நிமிர்ந்து அவளை முறைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குவித்த கையைப் பிரிக்காமல், அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டு கதவுக்கு உள்பக்கமாக நின்றாள்.

"மத்ததையும் ஏத்து" என்றாள்.

ஏற்றினேன். வாசல் நிறைய அகல் இருந்தது. ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.